தகரக் கூரையைக் காற்று தூக்குவது எப்படி?

2018 நவம்பர் 16 அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேலான அந்தக் காற்றில் தகர ஷீட்டுகள் பறந்ததை முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் சொந்தங்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை.

காற்று கூரையை அழுத்தி உடைப்பதாகவே பலரும் நினைக்கிறோம். உண்மையில் அது மேல்நோக்கி இழுக்கிறது. கூரைக்கு மேலே காற்று வேகமாக ஓடும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. திறந்த ஜன்னல் வழியே புகுந்த காற்று உள்ளிருந்தும் தள்ளுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். ஷீட்டின் மேல் செங்கல் அடுக்குவதால் பயனில்லை. பெருங்காற்றில் அந்தக் கல்லே அடுத்த வீட்டுப் பிள்ளையின் மேல் விழலாம்.

கடையில் ஷீட்டின் கனத்துக்குப் பேரம் பேசுகிறோம், பிடிப்பைப் பற்றிக் கேட்பதில்லை. வெறும் ஆணி போதாது. ரப்பர் வாஷருடன் ஸ்க்ரூ அல்லது ஜே போல்ட் வேண்டும். ஓரங்கள், மூலைகள், முகடு ஆகியவற்றில்தான் இழுவிசை அதிகம். அங்கே நெருக்கமாக முடுக்கச் சொல்லுங்கள். நிழலுக்காக இறவாரத்தை நீட்டினால் காற்றுக்குப் பிடி கிடைத்துவிடும்.

மொட்டை மாடியில் கொட்டகை போடுவோர் இன்னும் கவனிக்க வேண்டும். சிலர் தூணைத் தளத்தின் மேல் நிறுத்தி, அடியில் சிமெண்ட் பூசுவதோடு விட்டுவிடுகிறார்கள். ஷீட் கழலாவிட்டாலும் கொட்டகையே முழுதாகப் பெயர்ந்துவிடும். தூணின் அடியில் இரும்புத் தகடு வைத்து, கான்கிரீட்டுக்குள் போல்ட் இறக்க வேண்டும்.

கடலோர உப்புக்காற்று ஸ்க்ரூவைச் சீக்கிரமே தின்றுவிடும். ஆண்டுதோறும் ஐப்பசிக்கு முன்பே ஆளை ஏற்றி, துருப்பிடித்தவற்றை மாற்றுங்கள். புயல் எச்சரிக்கை வந்தபின் யாரையும் கூரையில் ஏற்றாதீர்கள்.