சீனாவின் சின்னக் கம்பெனிகள்: ஆராய்ச்சிப் பணத்தின் சாவி யார் கையில்?

"சீனா ஃபண்ட்ல போடலாமா?"னு கேட்கிறவங்க பெரும்பாலும் டெக்னாலஜியைப் பத்தித்தான் பேசுறாங்க. ஒரு ஆடிட்டரா நான் முதல்ல பார்க்கிறது வேற. கம்பெனி யார் கையில் இருக்கு? அவரைக் கேள்வி கேட்க யார் இருக்காங்க? ஆராய்ச்சிக்குப் பணம் போகுமாங்கிறதை இந்த ரெண்டும்தான் பெரிய அளவுல முடிவு பண்ணுது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒரு குடும்பம் 'அ' கம்பெனியில் 51% வெச்சிருக்கு. 'அ', லிஸ்ட் ஆன 'ஆ'வில் 51% வெச்சிருக்கு. 'ஆ'வை ஆட்டி வைக்கிறது அந்தக் குடும்பம்தான். ஆனா அதன் லாபத்தில் அவங்க பங்கு சுமார் 26% மட்டுமே. ஆராய்ச்சி ஜெயிச்சு 100 யுவான் வந்தா அவங்களுக்கு 26. அதே 100 யுவானைத் தங்களோட இன்னொரு கம்பெனிக்கு, சரக்கு வாங்கின மாதிரி காட்டித் தள்ளிவிட்டா முழுசும் அவங்களுக்கு! அப்புறம் லேப் கட்ட யாருக்கு மனசு வரும்?

அரசு கையில் இருக்கிற கம்பெனிகளில் பிரச்சினை வேற மாதிரி. வங்கிக் கடன் சுலபமா கிடைக்கும். ஆனா மேனேஜர் நியமனத்தில் வந்தவர். ஆராய்ச்சி பலன் தர்றதுக்குள்ள அவர் வேற பதவிக்குப் போயிடலாம். தோத்தா கெட்ட பேர் மட்டும் அவருக்கு. அதனால ரிஸ்க் எடுக்கத் தயங்குவார்.

சீன அரசும் சும்மா இல்லை. 2005-க்கு முன்னாடி லிஸ்ட் ஆன கம்பெனிகளின் பங்குகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு சந்தையில் விற்க முடியாதவை. விலை ஏறினாலும் பெரிய முதலாளிக்குப் பெரிய லாபம் இல்லை. அந்த ஆண்டு தொடங்கின சீர்திருத்தம் அதை மாத்திச்சு. வளரும் கம்பெனிகளுக்காக 2009-இல் ஷென்ஜெனில் சைநெக்ஸ்ட், 2019-இல் ஷாங்காயில் ஸ்டார் மார்க்கெட், 2021-இல் பெய்ஜிங் பங்குச் சந்தை வந்தது.

போர்டில் மூன்றில் ஒரு பங்கு சுயேச்சை இயக்குநர்கள் இருக்கணும்னு 2001-லேயே விதி வந்தாச்சு. ஆனா பெரும்பாலும் அவங்களைத் தேர்ந்தெடுக்கிறதும் அதே முதலாளிதானே! காங்மெய் ஃபார்மா மோசடி வழக்கில் 2021-இல் நீதிமன்றம் சுயேச்சை இயக்குநர்களையும் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பாக்கின பிறகுதான் அந்த நாற்காலிக்குப் பயம் வந்துச்சு.

வரிச் சலுகையும் உண்டு. ஹைடெக் அங்கீகாரம் இருந்தா 25%-க்குப் பதில் 15% வரி. அதுக்கு ஆராய்ச்சிச் செலவு, விற்பனையில் ஒரு குறிப்பிட்ட சதவீதம் இருக்கணும். கண்காணிப்பு பலவீனமா இருந்தா, சாதாரணச் செலவுக்கும் 'ஆராய்ச்சி'ன்னு லேபிள் ஒட்டத் தோணும்.

அதனால ஃபண்டோட ஹோல்டிங்ஸில் ஒரு சின்ன சீனக் கம்பெனியைப் பார்த்தா, ஆண்டறிக்கையில் இந்த நாலையும் தேடுங்க:

1. முதலாளி தன் பங்குகளை அடமானம் வெச்சிருக்காரா? 2018-இல் சந்தை விழுந்தப்போ இப்படி அடமானம் வெச்சவங்க பலர் மாட்டிக்கிட்டாங்க.
2. சொந்தக் குழுமக் கம்பெனிகளோட கொடுக்கல் வாங்கல் எவ்வளவு?
3. ஆராய்ச்சிச் செலவில் எவ்வளவு சொத்தாகக் காட்டியிருக்காங்க? இது கூடக் கூட, இன்னைக்கு லாபம் அழகாத் தெரியும்.
4. பேட்டன்ட் என்ன வகை? 20 வருஷக் கண்டுபிடிப்புப் பேட்டன்டா, முழு ஆய்வு இல்லாமலே கிடைக்கிற 10 வருஷ யுட்டிலிட்டி மாடலா?

பேட்டன்ட் எண்ணிக்கையை மட்டும் பார்த்து மயங்காதீங்க. எஸ்ஐபி பட்டனைத் தட்டுறதுக்கு முன்னாடி, சாவி யார் கையில்னு பாருங்க.