காலுக்குக் கீழே கூழாகும் மணல்... நாகர்கோவில் பக்கம் மனை வாங்கறீங்களா?

சங்குத்துறை பீச்சுக்குப் போனா, அலை திரும்பின ஈர மணல்ல நின்னு ஒரே இடத்துல காலால தட்டிக்கிட்டே இருங்க. கெட்டியா இருந்த மணல் கூழாகி, தண்ணி மேல வரும். கால் உள்ளே போகும். நிலநடுக்கத்துல இதுவே ஓர் ஊர் அளவுக்கு நடந்தா, அதுதான் 'மண் திரவமாதல்'.

நெருக்கமில்லாத மணல், அதன் இடுக்கு முழுக்கத் தண்ணீர், பலமான குலுக்கல். மூணும் சேர்ந்தாதான் வம்பு. குலுங்கும்போது மணல் துகள்கள் நெருங்கப் பார்க்கும். நடுவில் மாட்டின தண்ணீருக்கு வெளியேற நேரமிருக்காது. அழுத்தம் ஏறி, துகள்களோட பிடி விட்டுப்போகும். 1964-ல் ஜப்பானின் நீகாட்டாவில் அடுக்குமாடி வீடுகள் பெரிசா உடையாமலே சரிஞ்சு படுத்தது இப்படித்தான்.

"நாஞ்சில் நாட்டுல ஏது பூகம்பம்?"னு கேட்பீங்க. நியாயம்தான், இது இமயமலை அடிவாரம் இல்ல. ஆனா, தக்காணம் அசையாதுனு நம்பிட்டிருந்தப்பதான் 1993-ல் லாத்தூர் குலுங்குச்சு.

குலுக்கல் நம்ம கையில இல்ல; மனை நம்ம தேர்வு. பாறைமேல கெட்டிச் செம்மண் இருக்குற மேட்டு விளைக்கு இந்தக் கவலை வேண்டாம். பழையாறு கடல்ல சேர்ற மணக்குடி, குழித்துறை ஆறு சேர்ற தேங்காய்ப்பட்டணம் மாதிரி முகத்துவாரங்கள் பக்கம்னா விசாரிக்கணும். மணல் கொட்டித் தூர்த்த பழைய குளம்னா இன்னும் நல்லா விசாரிக்கணும். வயல் களிமண் தனிக்கதை. அது இப்படிக் கூழாகுறது குறைவு, ஆனா பாரம் ஏத்தினா மெதுவா அமுங்கும்.

எப்படிக் கண்டுபிடிக்கிறது? துளை போட்டு, 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ உயரத்துல இருந்து திரும்பத் திரும்ப விடுவாங்க. அடியில இருக்குற குழாய் முதல் 15 செ.மீ இறங்குறது கணக்கில்ல. அடுத்த 30 செ.மீ இறங்க எத்தனை அடிங்கிறதுதான் 'என் மதிப்பு'. ஆழத்துக்கேத்த திருத்தம் போட்ட பிறகும் 30-ஐத் தாண்டினா பொதுவா பயமில்ல. தண்ணிக்குக் கீழே இருக்குற மணல்ல பத்துக்குள்ளயே நின்னா, எதிர்பார்க்குற குலுக்கலை அந்த மண் தாங்குமானு இன்ஜினீயர் கணக்குப் போட்டே ஆகணும்.

"பைல் போட்டா போதும்"னு யாராவது சொன்னா, எந்த ஆழம் வரைக்கும்னு கேளுங்க. 2001 குஜராத் பூகம்பத்துல சாய்ந்த காண்ட்லா துறைமுகக் கட்டடம் பைல் மேல நின்னதுதான். பைல் அந்த இளகின மணலைத் தாண்டி, கெட்டி மண்ணுல ஊன்றணும். அப்புறம், மண் பரிசோதனையைக் கோடையில செஞ்சா, மழைக்காலத்துல கிணத்துல தண்ணி எவ்வளவு மேல வரும்னு பக்கத்து வீட்டுல கேட்டு இன்ஜினீயர்கிட்ட சொல்லுங்க.