கொடுத்தவருக்கும் ஒரு கோப்பு வேண்டும்

“புள்ளைக்கு ஒரு கிட்னியக் குடுத்துட்டா எனக்கு என்ன ஆகும் சிஸ்டர்?” உறுப்பு மாற்றுப் பிரிவில் செவிலியாக இருக்கும் என்னிடம் தாய்மார்கள் இதை, கூட வந்தவர்கள் டீ குடிக்கப் போன நேரம் பார்த்துத்தான் கேட்பார்கள். ‘ஒண்ணும் ஆகாது’ என்று மழுப்ப எனக்கு மனம் வராது.

அமெரிக்காவில் 1994 முதல் 2011 வரை சிறுநீரகம் கொடுத்த 96,217 பேரைப் பற்றிய ஆய்வு 2014-இல் வெளியானது. சிறுநீரகம் முற்றாகச் செயலிழக்கும் வாழ்நாள் அபாயம் கொடுத்தவர்களில் பத்தாயிரத்துக்கு 90 பேர். கொடுக்காத, அதே அளவு ஆரோக்கியமானவர்களில் 14 பேர். அபாயம் கூடுகிறது என்பது உண்மை. ஆனால் பரிசோதித்துத் தேர்ந்தெடுக்கப்படாத பொதுமக்களில் அது 326. தானத்துக்கு முன் அத்தனை பரிசோதனைகள் செய்வது அதனால்தான்.

எஞ்சிய சிறுநீரகம் சற்றே பெருத்து, கூடுதல் வேலையை ஏற்றுக்கொள்ளும். அதைக் காப்பது நம் கடமை. ஆண்டுதோறும் ரத்த அழுத்தம், கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் பார்க்க வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கி வலி மாத்திரை போடக் கூடாது.

அறுவை முடிந்ததும் வீடே பெற்றுக்கொண்டவரைச் சுற்றி நிற்கிறது. கொடுத்தவரையும் தவறாமல் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள்.