ஆள் இல்லாத படங்கள்

வீடற்றோர் வாழும் தெருவைப் படம் பிடிக்கச் சென்ற ஒருவர், அவர்களுள் ஒருவரையேனும் படம் பிடிக்காமல் திரும்புவாரோ? அவ்வாறு திரும்பியவர் மார்த்தா ரோஸ்லர் என்னும் அமெரிக்க அம்மையார்.

நியூயார்க் நகரின் பவரித் தெரு, மலிவான தங்கும் விடுதிகளுக்கும் மதுக்கடைகளுக்கும் நெடுங்காலம் பெயர் பெற்றிருந்தது. வேலையும் வீடும் இழந்தோர் அங்குக் கடைவாயில்களில் படுத்துறங்குவர். இத்தகையோரைப் படம் எடுப்பது புதிதன்று. ஜேக்கப் ரீஸ் என்னும் செய்தியாளர் அந்நகர ஏழைகளின் இருட்டறைகளைப் படமெடுத்து, 1890ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அது குடியிருப்புச் சீர்திருத்தத்திற்குத் துணை நின்றது. ஆயின் பின்வந்தோர் பலர் கையில், ஏழையின் முகம் வெறும் காட்சிப்பொருளாயிற்று என்பது ரோஸ்லரின் குறை.

ஆகவே அவர் 1974-75ஆம் ஆண்டுகளில் வேறு வழி கண்டார். 'பவரி: போதாத இரு விளக்க முறைகளில்' என்பது அப்படைப்பின் பெயர். அதில் 24 அட்டைகளில் 45 கறுப்பு வெள்ளை அச்சுகள் உள்ளன. படங்களில் மூடிய கடைகளும் வாயிற்படிகளும் காலிப் புட்டிகளும் உண்டு; ஆள் இல்லை. அருகே, குடிமயக்கத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் தட்டச்சில் உள்ளன. 'இறந்த போர்வீரர்' என்பது அவற்றுள் ஒன்று. பேச்சு வழக்கில் அது காலிப் புட்டியைக் குறிக்கும் வேடிக்கைச் சொல். அந்த வாயிற்படியின் அருகே படிக்கும்போதோ சிரிப்பு வருவதில்லை.

காட்சியின் அழகினும் அதன் பின்னுள்ள எண்ணத்தை முதன்மையாகக் கொள்ளும் இம்முறையைக் கருத்துநிலை நிழற்படக் கலை என்பர். இங்கு அவ்வெண்ணம் யாது? முகத்தைக் காட்டும் படம், வேலை போன கதையைக் காட்டாது. 'குடிகாரன்' என்று பெயரிட்டுவிட்டால், அவன் யார் என மேலும் வினவ நமக்குத் தோன்றாது. இரண்டும் போதா. அதனால் மனிதனுக்குரிய இடத்தை அம்மையார் வெறுமையாகவே விட்டார்.

1989ஆம் ஆண்டில் அதே நகரில் அவர் வீட்டு நெருக்கடி குறித்துத் தொடர் கண்காட்சிகள் அமைத்தார். அவற்றில் வீடற்றோரும் பங்கேற்றுத் தம் நிலையைத் தாமே எடுத்துரைத்தனர்.

பவரியும் பின்னர் மாறியது. 2007ஆம் ஆண்டில் அங்கு ஒரு புதுக்கலை அருங்காட்சியகம் எழுந்தது. பழைய விடுதிகள் பல மறைந்தன. நகரில் வீடற்றோர் மறையவில்லை.

'பிச்சைக்காரன்', 'நாடோடி' முதலிய சொற்களுக்கு வகுப்பில் பொருள் எழுதச் சொல்கிறோம். அவரைப் பற்றி இச்சொல் எதைச் சொல்லாமல் விடுகிறது என்றும் மாணவரைக் கேட்டுப் பார்க்கலாம். சொல்லாராய்ச்சியில் அதுவும் ஒரு பகுதியே.