வேலையிழந்த வாத்தியாரும் ஊரார் பேச்சும்



"வாத்தியாருக்கு என்ன குறை?" என்னும் கேள்வியை என் வாழ்நாளில் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. ஆத்தூர்க் கடைத்தெருவில் காலை வேளையில் தேநீர் அருந்த நின்றால் போதும். நாளிதழின் ஒரு தாளைக் கையில் பிடித்திருப்பவர் செய்தியைப் படிப்பார்; மற்றொருவர் இந்தக் கேள்வியைக் கேட்பார்; மூன்றாமவர் என்னைக் கடைக்கண்ணால் பார்த்துவிட்டுப் பேச்சை மழையின் பக்கம் திருப்புவார். நான் ஓய்வு பெற்ற தலைமையாசிரியன் என்பதை ஊர் இன்னும் மறக்கவில்லை.

ஆசிரியர் சங்கம், வேலைநிறுத்தம், பணிநீக்கம், உபரி ஆசிரியர் ஆகிய சொற்கள் உங்கள் காதிலும் விழுகின்றன. இவை யாவும் ஒரே சண்டையின் வெவ்வேறு பெயர்கள் என்று உங்களுள் பலர் எண்ணியிருக்கக் கூடும். அப்படியன்று. அவற்றைப் பிரித்துக் காட்டவே இன்று பேச வந்தேன்.

ஆசிரியரின் வேலை எக்காலத்தும் உறுதியாக இருந்தது என்று நினைப்பது தவறு. எனக்கு எழுத்தறிவித்த முதியவர் ஓர் உதவி பெறும் பள்ளியில் பணி தொடங்கியவர். ஜூன் மாதத்தில் வேலையில் சேர்ப்பார்களாம். கோடை விடுமுறைக்குச் சம்பளம் தரவேண்டுமே என்று ஏப்ரலில் நீக்கிவிடுவார்களாம். மறு ஜூனில் மீண்டும் மனுவுடன் நிர்வாகியின் வீட்டுத் திண்ணையில் காத்திருக்க வேண்டுமாம். கையெழுத்திட்ட தொகை ஒன்று, கையில் வந்த தொகை வேறொன்று என்பதையும் அவர் சிரித்துக்கொண்டே சொல்லுவார். அந்தச் சிரிப்பின் பொருள் எனக்கு நாற்பது வயதில்தான் விளங்கிற்று.

இந்நிலை ஒரே நாளில் மாறிவிடவில்லை. 1955ஆம் ஆண்டில், காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, அன்றைய சென்னை மாநிலத்தில் ஒரு திட்டம் வந்தது. ஓய்வூதியம், வருங்கால வைப்புநிதி, ஆயுள் காப்பீடு ஆகிய மூன்றையும் உதவி பெறும் பள்ளி ஆசிரியர்க்கும் அது சேர்த்து வழங்கியது. பின்னர் 1973ஆம் ஆண்டின் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம், ஆசிரியரை நீக்குமுன் விசாரணை வேண்டும், கல்வித்துறையின் முன் அனுமதியும் வேண்டும் என்று விதித்தது. இவற்றின் பின்னணியில் சங்கங்கள் பல்லாண்டுகள் எழுதிய மனுக்களும் நடத்திய மாநாடுகளும் இருந்தன. சங்கம் என்றவுடன் கொடியும் கோஷமும் மட்டுமே நினைவுக்கு வருகின்றவர்கள் இதையும் கணக்கில் கொள்ளலாம்.

ஆசிரியர் வேலையிழப்பது மூன்று வகையில் நிகழ்கிறது. குற்றம் சாட்டி நீக்குவது ஒன்று. பிள்ளைகள் குறைந்தமையால் பணியிடத்தைக் குறைப்பது இரண்டாவது. நியமனமே செல்லாது என்று நீதிமன்றம் தள்ளுவது மூன்றாவது. மூன்றாவதற்கு அண்மைக்காலத்தில் பெரிய சான்றுகள் உண்டு. திரிபுராவில் 10,323 ஆசிரியரின் நியமனத்தை உயர்நீதிமன்றம் 2014இல் ரத்து செய்தது. உச்சநீதிமன்றம் 2017இல் அதை உறுதி செய்தது. 2020 மார்ச் இறுதியில் அவர்கள் பணி முடிந்துபோயிற்று. மேற்கு வங்காளத்தில் தேர்வில் நடந்த ஊழலின் காரணமாக ஆசிரியர், அலுவலர் உட்பட 25,753 பேரின் நியமனத்தை உச்சநீதிமன்றம் 2025 ஏப்ரலில் ரத்து செய்தது. தவறு செய்தவர் சிலர். தெருவில் நின்றவர்களுள் நேர்மையாகத் தேர்வு எழுதியவர்களும் இருந்தனர்.

முதல் வகையைப் பற்றிப் பேசுகையில் 2003ஆம் ஆண்டுக்குப் போகாமல் இருக்க முடியாது. உங்களுள் பெரும்பாலோர் அப்போது பிறந்திருக்கமாட்டீர்கள்.

மழை பொய்த்திருந்த காலம். மாநில அரசு நிதி நெருக்கடியைக் காட்டி, ஊழியரும் ஆசிரியரும் பெற்றுவந்த சலுகைகள் பலவற்றைக் குறைத்தது. 2003 ஏப்ரல் 1 முதல் புதிதாகச் சேருவோர்க்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்றும் ஆயிற்று. சங்கங்களின் கூட்டமைப்புகள் ஜூலை 2ஆம் நாள் முதல் காலவரையற்ற வேலைநிறுத்தத்தை அறிவித்தன. தலைவர்கள் முன்னரே கைதாயினர். 2002ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட, சுருக்கமாக 'டெஸ்மா' என்று வழங்கிய, அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டம் கையில் இருந்தது. அதற்கு மேலும் ஜூலை 4ஆம் நாள் ஓர் அவசரச் சட்டம் பிறந்தது. சில நாட்களுக்குள் ஏறத்தாழ 1,70,000 பேர் விசாரணையின்றிப் பணிநீக்கம் செய்யப்பட்டனர்.

ஓர் ஒப்பீடு சொல்லுகிறேன். 1981இல் அமெரிக்க ஜனாதிபதி ரீகன், வேலைநிறுத்தம் செய்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் 11,000க்கும் மேற்பட்டோரை நீக்கியதை உலகத் தொழிற்சங்க வரலாறு இன்றும் பேசுகிறது. நம் மாநிலத்தில் நீக்கப்பட்டவர் தொகை அதனினும் பதினைந்து மடங்கு.

அப்போது நான் ஆத்தூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் பள்ளியில் பணியாற்றினேன். நாங்கள் மூவர். மற்ற இருவரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். நான் இறங்கவில்லை. கொள்கையினால் அன்று, அச்சத்தினால். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வாங்கிய கடன் பாக்கி இருந்தது. ஐந்து வகுப்புகளையும் இரண்டு அறைகளில் அமர்த்தி, ஒரு வகுப்புக்கு வாய்ப்பாடு, மற்றொன்றுக்குப் பார்த்தெழுதுதல் என்று நாளை ஓட்டினேன். அதற்குப் பெயர் கற்பித்தல் ஆகாது. பிள்ளைகளைக் காவல் காத்தல்.

சின்னாளப்பட்டிச் சேலைக்குத் தறி ஓட்டும் தந்தை ஒருவர் வாசலில் நின்று, "நீங்களாவது வந்தீங்களே சார். தறி ஒரு நாள் நின்னா எனக்கு அன்னிக்குக் கூலி இல்லை. அவங்க மட்டும் நிறுத்திட்டு நிக்கலாமா?" என்றார். அவர் என்னைப் பாராட்டினார். எனக்கு அது இனிக்கவில்லை. ஆயினும் அவர் கேள்வியைத் தள்ளிவிடவும் என்னால் இயலவில்லை. வைப்புநிதியும் விடுப்பும் ஓய்வூதியமும் இல்லாத ஒருவர், அவை அனைத்தும் உள்ளவரைப் பார்த்துக் கேட்கும் கேள்வி அது. அக்காலத்தில் என் செவியில் விழுந்த பேச்சில் பெரும்பகுதி இவ்விதமே இருந்தது. அரசு தற்காலிகமாக ஆள் எடுத்தபோது படித்துவிட்டு வேலையின்றி இருந்த இளைஞர்கள் திரண்டு சென்றார்கள். அவர்களைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை.

சக ஆசிரியருக்கு நீக்க உத்தரவு வந்தது. அவர் வீட்டில் அடுப்பு எரிவதில் சிரமம் என்ற செய்தி ஊரில் பரவிற்று. இரண்டு வாரம் கழித்து அதே தறிக்காரர் மறுபடியும் வந்தார். "சார், சர்க்கார் வாத்தியாரையே ஒரு தாளிலே வீட்டுக்கு அனுப்பலாம்னா, எங்களைத் தாளே இல்லாம அனுப்பலாமே" என்றார். அவர் கருத்து மாறிவிட்டதா? முழுவதும் மாறவில்லை. வேலைநிறுத்தம் தவறு என்பதையும் அவர் விடவில்லை. விசாரணையின்றி நீக்கியதும் தவறு என்று சேர்த்துக்கொண்டார். பொதுஜன அபிப்பிராயம் என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பது, ஒரே மனிதரின் உள்ளத்திலேயே இவ்வாறு இரண்டாக இருந்தது.

இனிச் சட்டம் என்ன சொல்லுகிறது என்று காண்போம். சங்கம் அமைக்கும் உரிமையை அரசியலமைப்பின் 19ஆம் உறுப்பு தருகிறது. சங்கம் அமைக்கும் உரிமையுள் வேலைநிறுத்தம் செய்யும் உரிமை அடங்காது என்று உச்சநீதிமன்றம் அறுபதுகளின் தொடக்கத்திலேயே வங்கி ஊழியர் வழக்கில் கூறிவிட்டது. திண்டுக்கல் நூற்பாலைத் தொழிலாளிக்குத் தொழில் தகராறுச் சட்டம் ஒரு வழியைத் தந்தது. ஆனால் ஆசிரியர் அச்சட்டத்தின் பொருளில் 'தொழிலாளி' அல்லர் என்று 1988இல், கோவா ஆசிரியை ஒருவரின் வழக்கில், அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, ஆலைத் தொழிலாளியின் ஆயுதம் ஆசிரியரிடம் இல்லை. மாறாக அரசு ஊழியர்க்கு 311ஆம் உறுப்பு ஒரு கேடயத்தை அளிக்கிறது. குற்றச்சாட்டைத் தெரிவித்து, விளக்கம் கேட்டு, விசாரித்தபின்னரே நீக்கலாம் என்பது அதன் சாரம். சில விதிவிலக்குகளும் அதிலேயே உண்டு. 2003இல் எழுந்த பெருங்கேள்வி இந்தக் கேடயத்தைப் பற்றியதே.

வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. நீதிபதிகள் எம். பி. ஷாவும் ஏ. ஆர். லட்சுமணனும் 2003 ஆகஸ்டு 6ஆம் நாள் தீர்ப்பளித்தனர். அரசு ஊழியர்க்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ, சட்ட உரிமையோ, தார்மீக உரிமையோ இல்லை என்றது தீர்ப்பு. ஆசிரியர் வேலைநிறுத்தம் செய்தால் கல்விமுறை முழுவதும் துன்புறும் என்பதையும் தனியே குறிப்பிட்டது. ஆயினும் நீக்கப்பட்டவர்களுள் மிகப் பெரும்பாலோர், நிபந்தனையற்ற மன்னிப்பும் நடத்தை விதிகளுக்குக் கட்டுப்படுவோம் என்ற உறுதிமொழியும் எழுதிக் கொடுத்துப் பணிக்குத் திரும்ப வழி ஏற்பட்டது. எஞ்சியோர் நிலையை ஓய்வு பெற்ற நீதிபதிகள் மூவர் ஆராய்வதென்று முடிவாயிற்று. தீர்ப்பின் முற்பகுதியை மட்டும் மேற்கோள் காட்டுவோர் உண்டு. பிற்பகுதியை மட்டும் நினைவில் வைத்திருப்போரும் உண்டு. நீங்கள் இரண்டையும் படிக்க வேண்டும்.

என் கருத்தைக் கேட்டால், வேலைநிறுத்தத்தைப் பற்றித் தீர்ப்பு கூறியதில் ஒரு பாதி எனக்கு உடன்பாடு. வகுப்பில் இழந்த நாளைத் திருப்பித் தர எந்த ஆணையாலும் முடியாது. அதை நான் அந்த இரண்டு அறைகளில் கண்ணால் கண்டவன். ஆனால் விசாரணை முறைமன்றத்துக்குப் போகலாம் என்று வழி காட்டுவது எளிது. ஒன்றே முக்கால் இலட்சம் மனுக்கள் அங்கே எத்தனை ஆண்டுகள் உறங்கும் என்பதை மனுப் போட்டவர்கள் அறிவார்கள்.

2004 மே மாதத்தில் நாடாளுமன்றத் தேர்தல் முடிவு வந்தது. தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலும் ஆளுங்கட்சிக் கூட்டணி தோற்றது. அதே மாதத்தில் முதலமைச்சர் ஜெயலலிதா, ஊழியர் மீதும் ஆசிரியர் மீதும் எடுத்த நடவடிக்கைகளைக் கைவிடுவதாக அறிவித்தார். ஆசிரியர்களால்தான் இந்த முடிவு என்று சங்கத்தார் சொன்னார்கள். அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. வறட்சி இருந்தது, உழவர்க்கு இலவச மின்சாரம் நின்றிருந்தது, குடும்ப அட்டையில் வருமான வேறுபாடு புகுந்திருந்தது, எதிரணியும் பலமாகச் சேர்ந்திருந்தது. ஒரு வாக்குக்குப் பல காரணம் இருக்கும். வாக்குச்சீட்டு காரணத்தைக் கேட்பதில்லை.

இரண்டாம் வகையான ஆட்குறைப்பு ஓசையின்றி நடப்பது. ஆண்டுதோறும் ஆகஸ்டு முதல் நாளில் உள்ள பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கொண்டு பணியிடம் கணக்கிடுவர். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். மூவர் இருந்த பள்ளியில் பிள்ளைகள் 60க்குக் குறைந்தால் ஒருவர் 'உபரி' ஆகிறார். நம் மாநிலத்தில் அவரை வீட்டுக்கு அனுப்புவதில்லை. 'பணி நிரவல்' என்ற பெயரில் வேறு பள்ளிக்கு அனுப்புகிறார்கள். சம்பளம் போகாது, ஆனால் அந்த ஊரில் ஒரு வகுப்பு போய்விடும். பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளி வாகனத்தில் ஏற்றிவிட்டு, "நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இல்லை" என்று குறைகூறுவோரை நான் நன்கறிவேன். அவர்களுள் ஆசிரியர் சிலரும் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை.

இப்போது மற்றொரு கவலை சேர்ந்திருக்கிறது. பணியில் உள்ளவர்களும், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருந்தால், இரண்டு ஆண்டுகளுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2025 செப்டம்பர் முதல் நாளில் கூறியது. இருபது ஆண்டு கற்பித்தவர்கள் வினாத்தாளுக்கு முன் உட்காரும் நிலை. "பிள்ளைகளுக்குத் தேர்வு வைப்பவர் தாம் எழுதினால் என்ன?" என்று ஊர் கேட்கிறது. கேட்கத்தான் செய்யும்.

2003 ஆகஸ்டில் சக ஆசிரியர் உறுதிமொழி எழுதிக் கொடுத்துப் பள்ளிக்குத் திரும்பினார். பல நாட்கள் அவர் என்னுடன் பேசவில்லை. பின்னர் ஒரு நாள் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே, "கணக்கு எதுவரைக்கும் நடத்தியிருக்கீங்க?" என்று கேட்டார். "ஒன்றும் நடத்தவில்லை" என்றேன். அவர் முதல் பாடத்திலிருந்து தொடங்கினார்.

சென்ற மாதம், ஆசிரியப் பயிற்சி பயிலும் இளைஞர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். "ஐயா, வேலை கிடைத்தால் சங்கத்தில் சேரலாமா?" என்று கேட்டார். அந்தத் தீர்ப்பின் அச்செடுத்த தாள்களையும், 311ஆம் உறுப்பை நான் என் கையால் எழுதி வைத்திருந்த ஏட்டையும் கொடுத்து, "இரண்டையும் படித்துவிட்டு வாரும், பிறகு பேசலாம்" என்றேன். அவர் இன்னும் வரவில்லை. ஏட்டையும் திருப்பித் தரவில்லை.