பனிமலையில் தனி நடை: குளிர் புத்தியைக் கெடுக்கும்

கேரளத்தின் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் மார்கழி விடியலில்கூட வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. தலையில் ஒரு தோர்த்தைச் சுற்றி, சூடாக ஒரு சாயா குடித்தால் குளிர் ஓடிவிடும். இப்படி வளர்ந்த பிள்ளைகள் இப்போது டிசம்பர், ஜனவரியில் உத்தராகண்டின் கேதார்காந்தாவுக்குப் பனி மிதிக்கப் போகிறார்கள். நல்லதுதான். ஆனால் தனியாக ஏறுவதைப் பெருமையாக நினைப்பது பயமாக இருக்கிறது. குளிரால் வரும் ஆபத்து, அதில் சிக்கியவருக்கே தெரிவதில்லை.

35 டிகிரிக்குக் கீழே

உடலின் உள்வெப்பம் 37 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். 35-க்குக் கீழே போனால் ஹைப்போதெர்மியா. முதலில் உடம்பு வெடவெடவென்று நடுங்கும். தசைகள் அப்படித்தான் சூடு உண்டாக்குகின்றன. பிறகு நாக்கு குழறும், கால் தடுமாறும், சட்டைப் பொத்தானைப் போட விரல் வளையாது. 32-ஐ நெருங்கும்போது நடுக்கமே நின்றுவிடும். குளிர் விட்டுவிட்டது என்று அவர் நினைப்பார். புழுங்குகிறது என்று ஸ்வெட்டரைக் கழற்றிப் போடுபவர்களும் உண்டு.

பக்கத்தில் ஒருவர் இருந்தால், “என்னடே, பேச்சு ஒரு மாதிரி இருக்கு?” என்று பிடித்து உட்கார வைப்பார். தனியாக இருப்பவர் நடந்துகொண்டே இருப்பார். அரை மணிக்கு ஒருமுறை கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட்டுப் பாருங்கள். தொட முடியவில்லை என்றால் அங்கேயே நடையை நிறுத்தி, காற்றுப்படாத இடத்தில் ஒதுங்கி, ஈரத்துணியை மாற்ற வேண்டும்.

பனி இல்லாத மலையிலும்

10 டிகிரி குளிரில்கூட ஈரத்துணியும் காற்றும் சேர்ந்தால் ஹைப்போதெர்மியா வரும். நெய்யாற்றின்கரைக்கு வடகிழக்கே நிற்கும் அகத்தியர்கூடம் 1,868 மீட்டர். சீசனில் வனத்துறை அனுமதிச் சீட்டு கொடுத்து, வழிகாட்டியோடுதான் அனுப்புகிறது. அதைத் தொல்லை என்று சலித்துக்கொள்பவர்கள், 2024 ஜூனில் உத்தராகண்டின் சஹஸ்திர தால் பாதையில் நடந்ததை நினைக்க வேண்டும். பெரும்பாலும் கர்நாடகத்தவர்கள் இருந்த, வழிகாட்டிகளையும் சேர்த்து 22 பேர் கொண்ட குழு பனிப்புயலில் சிக்கி, 9 பேர் இறந்தார்கள். மாதம் ஜூன், கூட வழிகாட்டிகளும் இருந்தார்கள்.

வியர்வையில் நனைந்த காட்டன் பனியன் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு காக்கும். வியர்க்கும் முன்பே ஒரு அடுக்கைக் கழற்றி, நின்றதும் போட்டுக்கொள்ளுங்கள். பிராந்தி வேண்டவே வேண்டாம். அது தோலுக்கு ரத்தத்தை அனுப்பிச் சூடேறியதுபோல் காட்டி, உள்ளிருக்கும் சூட்டை வெளியேற்றிவிடும்.

உயரமும் பனிக்கடியும்

2,500 மீட்டருக்கு மேல் தலைவலியும் குமட்டலும் வந்தால் மேலே ஏறாதீர்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ நடை தள்ளாடினாலோ உடனே கீழே இறங்க வேண்டும். விரல் வெளுத்து மரத்துப்போனால் தேய்க்கவும் கூடாது, தீயில் காட்டவும் கூடாது. பாதுகாப்பான இடத்துக்கு வந்தபின், மறுபடி உறையாது என்றால் மட்டும், 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் வைக்கலாம்.

கூட இருந்த இருவர்

1999 மே மாதம் நார்வேயில் அன்னா போகன்ஹோல்ம் என்ற ஸ்வீடன் நாட்டு மருத்துவர் பனிச்சறுக்கின்போது ஓடைப் பனிக்கட்டிக்கு அடியில் தலைகீழாக மாட்டிக்கொண்டார். 80 நிமிடம் நீரில் கிடந்தார். இதயம் நின்றது, உள்வெப்பம் 13.7 டிகிரிக்கு இறங்கியது. ஆனாலும் பிழைத்தார். குளிர் மூளையைக் காத்த அதிசயமாக இதைச் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் அவர் விழுந்ததும் சறுக்குக் கட்டையை எட்டிப் பிடித்துக்கொண்டு உதவிக்குப் போன் செய்தவர்கள் கூட வந்த இரண்டு சகாக்கள். அவர்கள் இல்லையென்றால் ஆஸ்பத்திரிக்கே போயிருக்க மாட்டார்.

விழுந்தவரைக் கண்டால்

ஈரத்துணியைக் களைந்து, உலர்ந்த கம்பளியால் தலையையும் மார்பையும் முதலில் போர்த்துங்கள். கைகாலைத் தேய்க்காமல், படுத்தவாக்கில் அசைக்காமல் வைத்திருங்கள். நினைவும் விழுங்கும் தெம்பும் இருந்தால் மட்டும் சர்க்கரை போட்ட சூடான சாயா கொடுக்கலாம். உடம்பு ஜில்லென்று இருப்பதாலேயே இறந்துவிட்டார் என்று முடிவு கட்டாதீர்கள்.

தனியாகத்தான் போவேன் என்பவர், எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று அடிவாரத்தில் ஒருவரிடமும் வீட்டிலும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகட்டும். அந்த நேரம் தாண்டினால் யோசிக்காமல் 112-க்கு அழைக்கும்படி அவர்களிடம் சொல்லிவிடுங்கள். உறைகுளிரில் செல்போன் பேட்டரி சட்டென்று இறங்கிவிடும் என்பதால், போனைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வையுங்கள்.