சுண்டிய பாலில் மிஞ்சும் தண்ணீர்

வீட்டில் கண்டன்ஸ்டு மில்க் செய்யச் சொல்லும் குறிப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரி முடியும்: ‘கெட்டியானதும் இறக்கவும்.’ எவ்வளவு கெட்டி என்று சொல்வதில்லை. அடுப்பில் கொதிக்கும்போது கரண்டியிலிருந்து நீர்க்க வழியும் பால், ஆறியபின் கத்தியால் வெட்டும் அளவுக்கு இறுகிவிடலாம். சரியாக வந்துவிட்டது என்று பாட்டிலில் ஊற்றி வைத்தது, நாலாம் நாள் மேலே பூசணம் பூத்து நிற்கலாம். அல்லது நாக்கில் நறநறவென்று நெருடலாம். இவற்றில் பாதிக்கு மேல் ஒரே காரணத்தால் வருபவை. கண்ணுக்குத் தெரியும் கெட்டித்தன்மையை நாம் பார்க்கிறோம். பார்க்க வேண்டியது, உள்ளே எவ்வளவு தண்ணீர் மிச்சம் இருக்கிறது, அதற்கு எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்பதை.

புதுச்சேரியின் உப்பளம் மாதிரி கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு கூடுதலாகத் தேவைப்படுகிறது. கிழக்கே வங்கக்கடல், பக்கத்திலேயே துறைமுக முகத்துவாரம், ஊருக்குள் உப்பனாற்று வாய்க்கால். ஐப்பசி, கார்த்திகை விடியற்காலைகளில் காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டுவது இங்கே சாதாரணம். அந்த 85 என்ற எண்ணுக்கும் நம் பாட்டிலுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் பால். புதுச்சேரியில் பலருக்கும் பால் என்றால் தெருமுனை பூத்தில் வாங்கும் பாண்லே பாக்கெட்தான். குரும்பாபேட்டிலிருந்து வரும் கூட்டுறவு ஒன்றியத்தின் பால். எந்த நிறுவனத்தின் பாலாக இருந்தாலும் பாக்கெட்டின் மேல் இரண்டு எண்கள் அச்சிட்டிருக்கும். ஒன்று கொழுப்பு, மற்றது கொழுப்பு நீங்கலான திடப்பொருள், அதாவது எஸ்.என்.எஃப். நிலைப்படுத்தப்பட்ட பால் என்றால் இந்திய விதிப்படி கொழுப்பு 4.5 சதவீதம், மற்ற திடப்பொருள் 8.5 சதவீதம். கூட்டினால் 13. ஒரு லிட்டர் பால் ஏறக்குறைய 1,030 கிராம் எடை இருக்கும். அதில் திடப்பொருள் 134 கிராம். மீதி 896 கிராமும் தண்ணீர்.

இனி, செய்ய வேண்டிய பண்டத்தைப் பார்ப்போம். சர்வதேச உணவுத் தர விதித்தொகுப்பான கோடெக்ஸ், இனிப்பூட்டிய கண்டன்ஸ்டு மில்க்கில் பால் திடப்பொருள் குறைந்தது 28 சதவீதம், பால் கொழுப்பு குறைந்தது 8 சதவீதம் இருக்க வேண்டும் என்கிறது. சர்க்கரை பொதுவாக 43 முதல் 45 சதவீதம். தண்ணீர் சுமார் நாலில் ஒரு பங்கு. நாம் திடப்பொருளை 30 என்றும் சர்க்கரையை 44 என்றும் வைத்துக்கொண்டால் கணக்கு இப்படி வருகிறது: ஒரு லிட்டர் பாலுக்கு 200 கிராம் சர்க்கரை, பாத்திரத்தில் இருப்பது 450 கிராம் ஆனதும் இறக்க வேண்டும். அப்போது உள்ளே மிச்சம் இருக்கும் தண்ணீர் சுமார் 116 கிராம்.

பால் தொழிற்சாலைக்காரர்கள் தலைமேல் வைத்துப் பார்க்கும் எண் இங்கேதான் இருக்கிறது. சர்க்கரையையும் தண்ணீரையும் மட்டும் தனியே எடுத்து, அந்த இரண்டில் சர்க்கரை எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள். அது 62.5-க்கும் 64.5-க்கும் இடையில் இருக்க வேண்டும். நம்முடைய 200-ம் 116-ம் சேர்ந்தால் 63 சதவீதம் வருகிறது; சரியாக நடுவில்.

எவ்வளவு குறுகலான இடம் இது என்று கொஞ்சம் தவறிப் பார்த்தால் தெரியும். பால் கெட்டிப்பட்டுவிட்டது என்று நினைத்து 550 கிராமில் இறக்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே 216 கிராம் தண்ணீர். சர்க்கரையின் பங்கு 48 சதவீதமாக விழுந்துவிடும். அது வெறும் இனிப்புப் பால், கெட்டுப்போகும். மறுபக்கம், இன்னும் கொஞ்சம் என்று கிண்டி 400 கிராமுக்குக் கொண்டுபோனால் தண்ணீர் 66 கிராம்தான். அறைச் சூட்டில் ஒரு கிராம் தண்ணீர் சுமார் 2 கிராம் சர்க்கரையைத்தான் கரைத்து வைக்கும். 132 கிராமுக்கு மேல் உள்ள சர்க்கரை ஆறியபின் படிகமாகப் பிரியும். இப்படித்தான் கண்டன்ஸ்டு மில்க் செய்யப் போய்ப் பால்கோவாப் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். திரட்டுப்பாலுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் அந்தப் படிகமும் மணல் பதமும் அழகு. இங்கே அது தவறு.

ஆகவே கண்ணையும் கரண்டியையும் விட்டுவிட்டுத் தராசை நம்புங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். வெறும் பாத்திரத்தை முதலில் எடை போட்டு எழுதி வையுங்கள். பால் பாதிக்கும் கீழே சுண்டிய பிறகு, அடுப்பை அணைத்து அவ்வப்போது தராசில் வையுங்கள். சூடு தாங்க அடியில் ஒரு மரப்பலகை, அதன் எடையும் கணக்கில். இரண்டு லிட்டர் காய்ச்சினால் 900 கிராம். சமன்படுத்திய பாலாக, அதாவது கொழுப்பு 3 சதவீதமாக இருந்தால் லிட்டருக்கு 175 கிராம் சர்க்கரை, 395 கிராமில் நிறுத்தம். சூட்டில் அது நீர்த்துத்தான் தெரியும். மனம் கேட்காது. தராசு சொன்னால் நிறுத்திவிட வேண்டும்.

சர்க்கரை ஏன் பாலைக் காக்கிறது? கிருமிக்கு வேண்டியது பாத்திரத்தில் இருக்கும் தண்ணீர் முழுவதும் அல்ல, அதில் கட்டுப்படாமல் இருக்கும் தண்ணீர். சர்க்கரை மூலக்கூறுகள் தண்ணீரைத் தங்களோடு பிணைத்துக்கொள்கின்றன. இந்தக் கட்டுப்படாத தண்ணீரை அளக்க விஞ்ஞானிகள் நீர்ச் செயல்பாடு என்றொரு அளவு வைத்திருக்கிறார்கள். தூய தண்ணீருக்கு 1. புதுப் பாலுக்கு 0.99-க்கு மேல். நன்றாகச் செய்த கண்டன்ஸ்டு மில்க்கில் அது 0.85 அளவுக்கு இறங்கிவிடும். உணவில் நஞ்சு சேர்க்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா, வறட்சியை மிகவும் தாங்கக்கூடியது. அதுவே 0.86-க்குக் கீழே பெருக முடியாமல் நின்றுபோகிறது. எத்தனை மயிரிழையில் நடக்கும் பாதுகாப்பு என்று பாருங்கள். கடை டப்பா திறக்காதவரை மாதக்கணக்கில் கெடாமல் இருப்பது இந்தச் சர்க்கரையாலும் காற்றுப் புகாத மூடியாலும்தான்.

காய்ச்சும் வேலைக்கு வருவோம். 780 கிராம் தண்ணீரை ஆவியாக்க வேண்டும். தண்ணீர் கொதிநிலையை அடைவது சின்ன வேலை. ஆவியாக மாறுவதுதான் பெரிய செலவு, கிலோவுக்கு 2,257 கிலோஜூல். வீட்டு அடுப்பில் வீணாகும் சூட்டையும் சேர்த்தால் லிட்டருக்கு ஏறக்குறைய 70 கிராம் எரிவாயு போகும். பாத்திரம் அகலமாகவும் அடிகனமாகவும் இருக்கட்டும். அகலம் இருந்தால் ஆவி போக இடம் இருக்கும். அடி கனமாக இருந்தால் ஓரிடத்தில் சூடு குவியாது. மேலே படரும் ஆடையைக் கலைத்துக்கொண்டே இருங்கள். அது புரதமும் கொழுப்பும் சேர்ந்து காய்ந்த படலம். ஆவியை அடைத்து வைத்திருந்து, திடீரென்று பாலைப் பொங்கவிடும்.

பழைய பால் வேண்டாம். காலையில் காய்ச்சும்போது திரியாத பால்கூட, மூன்றில் ஒரு பங்காகச் சுண்டும்போது திரிந்துவிடும். பாலின் புரதமான கேசீன், உப்புகளும் அமிலமும் ஒரு சமநிலையில் இருக்கும்வரைதான் கரைசலில் மிதக்கும். தண்ணீர் குறையக் குறைய உப்புகள் செறிவாகின்றன. கால்சியம் பாஸ்பேட் படிய, அமிலத்தன்மை ஏறுகிறது. ஏற்கெனவே கொஞ்சம் புளிப்பேறிய பால் அந்த நெருக்கடியைத் தாங்காது. ஒரு சிட்டிகை சோடா உப்பு அமிலத்தைத் தணிக்கும் என்பது உண்மை. ஆனால் கூடவே பால் பழுப்பேறுவதையும் அது வேகப்படுத்தும்.

அந்தப் பழுப்பைப் பற்றி நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள். கடையில் வாங்குவது வெளிர்மஞ்சள். வீட்டில் செய்தது சந்தன நிறம். இது அடிப்பிடித்ததால் வருவதல்ல. பாலில் இயற்கையாக இருக்கும் லாக்டோஸ் சர்க்கரை, சூட்டில் பால் புரதத்தோடு வினைபுரிகிறது. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மயார் 1912-ல் விவரித்த வினை இது; பாசுந்தியின் மணமும் ரொட்டி மேலோட்டின் நிறமும் இதன் பிள்ளைகள். நாம் போடும் வெள்ளைச் சர்க்கரை நேராக இதில் கலந்துகொள்வதில்லை. ஆனாலும் சர்க்கரையைப் பின்னால் சேர்ப்பது நல்லது. பால் பாதியாகச் சுண்டியபின் போட்டால், பாகு அடியில் கருகும் நேரம் குறையும். ஆலைகளிலும் சர்க்கரைப் பாகைக் கடைசிக் கட்டத்தில்தான் பெரும்பாலும் சேர்க்கிறார்கள்.

ஆலையில் மட்டும் எப்படி வெளுப்பாக வருகிறது என்றால், அங்கே பால் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. கடல்மட்டத்தில் இருக்கும் உப்பளத்தில் காற்றழுத்தம் முழுதாக இருப்பதால், தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். மூடிய கலத்திலிருந்து காற்றை உறிஞ்சி, அழுத்தத்தை எட்டில் ஒரு பங்காக்கினால் 50 டிகிரியிலேயே கொதித்துவிடும். இந்த வெற்றிடக் கலத்தை எட்வர்ட் சார்ல்ஸ் ஹோவர்ட் 1813-ல் இங்கிலாந்தில் சர்க்கரைப் பாகுக்காகக் கண்டுபிடித்தார். அமெரிக்கரான கெயில் போர்டன் அதைப் பாலுக்குக் கொண்டுவந்து 1856-ல் காப்புரிமை பெற்றார். காப்புரிமை பெற்ற முறையில் சர்க்கரை இல்லை; பின்னால்தான் சர்க்கரை சேர்த்த டின் வந்தது. 1866-ல் ஸ்விட்சர்லாந்தின் காம் ஊரில் பேஜ் சகோதரர்கள் ஆங்கிலோ-ஸ்விஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அது 1905-ல் நெஸ்லேயோடு இணைந்தது. இணைந்த நிறுவனம் 1912-ல் இந்தியாவில் வியாபாரம் தொடங்கியது.

புதுச்சேரிக்கு இந்த டின்னோடு இன்னொரு வழியிலும் உறவு உண்டு. பிரெஞ்சு ஆட்சியில் இங்கிருந்தும் காரைக்காலிலிருந்தும் சிப்பாய்களாகவும் எழுத்தர்களாகவும் ஏராளமானோர் சைகோனுக்குப் போனார்கள். பால் கறந்து குடிக்கும் பழக்கம் அப்போது வியட்நாமில் இல்லை. பிரெஞ்சுக்காரர்களோடு அங்கே போய்ச் சேர்ந்தது டின் பால். கடுங்காப்பியின் அடியில் அதை ஊற்றிக் குடிப்பது இன்றும் அந்நாட்டு வழக்கம். இலங்கைத் தமிழர் வீடுகளில் அது டின்பால். மலேசியாவில் தமிழ் முஸ்லிம் கடைகளின் தே தாரிக் தேநீரில் நுரைப்பதும் அதுவே.

இந்த வரலாற்றில் ஒரு துயரமான பக்கமும் இருக்கிறது. தாய்ப்பாலுக்குப் பதிலாக இதைத் தண்ணீரில் கரைத்துக் கைக்குழந்தைகளுக்குப் புகட்டினார்கள். விளம்பரங்களும் அதற்குத் தூண்டின. சிங்கப்பூரில் பணியாற்றிய குழந்தை மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1939-ல் அங்குள்ள ரோட்டரி சங்கத்தில் ‘பாலும் கொலையும்’ என்ற தலைப்பில் பேசி, இப்படி இறக்கும் குழந்தைகளைப் பற்றி வெளிப்படையாகக் குற்றம்சாட்டினார். கிட்டத்தட்ட பாதி சர்க்கரையாக இருக்கும் ஒன்றைக் குடிக்கும் பதத்துக்குக் கரைத்தால் குழந்தைக்கு வேண்டிய புரதம், கொழுப்பு எதுவும் போதிய அளவு கிடைக்காது. வீட்டில் செய்ததானாலும் கடையில் வாங்கியதானாலும் கைக்குழந்தைக்கு இது உணவல்ல.

இனி அந்த நறநறப்பு. தராசில் சரியாக நிறுத்தியும் சில நாளில் மணல் தட்டினால், குற்றவாளி லாக்டோஸ். ஒரு லிட்டர் பாலில் சுமார் 48 கிராம் லாக்டோஸ் உண்டு. அறைச் சூட்டில் 100 கிராம் தண்ணீரில் அது 20 கிராம் அளவுக்குத்தான் கரையும். நம்மிடம் மிச்சம் இருப்பது 116 கிராம் தண்ணீர். அதிலும் சர்க்கரை ஏற்கெனவே இடம் பிடித்திருக்கிறது. எனவே லாக்டோஸில் பாதிக்கு மேல் படிகமாவதை யாராலும் தடுக்க முடியாது. கடைப் பாலிலும் படிகம் உண்டு. ஆனால் அவை ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் சிறியவை, நாக்குக்குத் தெரியாது. சூடான பாட்டிலை அசையாமல் குளிர்பெட்டியில் வைத்தால் படிகங்கள் எண்ணிக்கையில் குறைந்து, ஒவ்வொன்றும் பெருத்து வளரும். ஆலைகளில் பாலைச் சுமார் 30 டிகிரிக்கு விரைவாக ஆற்றி, அரைத்த லாக்டோஸ் தூளைத் தூவிக் கலக்குவார்கள். லட்சக்கணக்கான சிறு படிகங்கள் ஒரே நேரத்தில் முளைக்கும்.

வீட்டில் இதற்கு எளிய வழி இருக்கிறது. பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்துக் கிளறி ஆற்றுங்கள். கைபொறுக்கும் சூட்டுக்கும் கீழே வந்ததும் (புதுச்சேரியில் அறையின் சூடே பல மாதங்கள் 30 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும்) கடையில் வாங்கிய கண்டன்ஸ்டு மில்க் அரைத் தேக்கரண்டி சேர்த்து, முழுதாக ஆறும்வரை கலக்குங்கள். உறைமோர் பாலைத் தயிராக்க வழிகாட்டுவது போல, அதிலுள்ள நுண்படிகங்கள் நம் பாலுக்கு வழிகாட்டும்.

நேரமில்லாதவர்கள் பால் பவுடரில் செய்யலாம். ஆலை ஏற்கெனவே தண்ணீரை நீக்கித் தந்துவிட்டது. நாம் அளந்து திருப்பிச் சேர்க்கிறோம். கொழுப்பு நீக்காத பால் பவுடர் 135 கிராம், சர்க்கரை 200, வெந்நீர் 120 மில்லி. கணக்கு அதேதான். பவுடர் உறையில் ஒன்றைக் கவனியுங்கள்: டீ, காப்பிக்கென்று விற்கும் டெய்ரி ஒயிட்னர்களில் பெரும்பாலும் சர்க்கரை கலந்தே இருக்கும். அதற்கேற்ப நம் சர்க்கரையைக் குறைக்க வேண்டும். எனக்குச் சுண்டக் காய்ச்சியதன் மணம்தான் பிடிக்கும். பவுடரில் அது வராது.

கடைசியாக, பாட்டிலும் கடற்காற்றும். நீர்ச் செயல்பாடு 0.85 என்றால், சுற்றியுள்ள காற்றின் ஈரம் 85 சதவீதத்துக்கு மேல் போகும்போது திறந்திருக்கும் பால் அதிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். மேற்பரப்பில் மட்டும் ஒரு மெல்லிய நீர்த்த அடுக்கு உருவாகும். பூசணத்துக்கு அது போதும். சூடாக ஊற்றி மூடினாலும் இதே கதை. ஆவி மூடியில் முத்துமுத்தாகத் திரண்டு மேலேயே சொட்டும். எனவே பாட்டிலைக் கொதிநீரில் போட்டெடுத்து ஈரமில்லாமல் உலர்த்துங்கள். பால் நன்றாக ஆறியபின் கழுத்துவரை நிரப்பி மூடுங்கள். எடுக்கும் கரண்டி உலர்ந்திருக்க வேண்டும். வீட்டுச் சமையலறை ஆலை அல்ல. சர்க்கரையைச் சகித்துக்கொண்டு வாழும் ஈஸ்ட்டும் பூசணமும் எப்படியும் வந்து சேரும். அதனால் குளிர்பெட்டியில் வைத்து, ஒரு வாரம் பத்து நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். மூடியைத் திறக்கும்போது உஸ்ஸென்று காற்று வெளியேறினாலோ, கள்ளின் வாடை அடித்தாலோ, ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள்; நுனிநாக்கில்கூட வைத்துப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.